பத்தியம் முறித்த விருந்து

1

இதைப் படிக்கிறவர்களில் நாலைந்து பேராவது எங்கள் ஊர்க்காரர்களாக இருப்பீர்கள். பண்ணைப்புரத்துக்குக் கிட்டத்தில், திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊர் என்று சொன்னால் போதும், பெயர் வேண்டாம். படித்து முடித்துவிட்டு என் மேல் கோபப்படுங்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்து ஒரு வருஷமாகிறது. இன்னும் ஆறவில்லை.

என் அண்ணன் ஈஸ்வரன் இறந்து வருகிற வாரம் ஒரு வருஷம். வருசத் தெவசத்துக்குப் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சொல்லியாயிற்று என்று அம்மா போனில் சொன்னாள். அண்ணன் மகள் பவித்ராவுக்கு ரத்தம் பார்த்தாயிற்றா என்று நான் கேட்டேன். அதற்கு மட்டும் பேச்சை மாற்றிவிட்டாள். தேனியில் கல்லூரியில் படிக்கிற பெண் அவள். பெரிய ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸைக்கூட மாற்ற வேண்டாம். அம்மா விடமாட்டேன் என்கிறாள். ரத்தம் பார்த்தது நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்பது அவள் கவலை.

அண்ணனைக் கொன்றது ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸ். ஈரலில் குடியிருப்பது. எனக்கும் அது இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கும், அவள் இதுவரை பரிசோதிக்கக் கை நீட்டவில்லை. பவித்ராவுக்கு இருக்கிறதா என்று தெரியாது. இருந்தால் கண்காணிக்க வேண்டும், இல்லாவிட்டால் தடுப்பூசி போட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித்தான் ஒரு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன்.

2

நான் இருப்பது ஜெர்மனியில், ஒரு சின்ன ஊரில். முதியோர் இல்லத்தில் வேலை. கிழவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, காலைச் சாப்பாடு கொடுப்பேன். கணவர் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் வடிவமைக்கிறார். மகள் யாழினிக்கு ஒன்பது வயது.

அவள் வயிற்றில் இருந்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. இங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்கிறார்கள். பாசிட்டிவ் என்று சொன்ன அன்று நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஊசியா, ஏதாவது தப்புத்தண்டாவா, எங்கே வாங்கினேன் என்று. மருத்துவர் பெண்மணி ஒரு கேள்விதான் கேட்டார், உங்கள் அம்மா பரிசோதித்திருக்கிறாரா என்று.

பிறகு பொறுமையாக விளக்கினார். பெரியவர்களுக்கு இது தொற்றினால் பெரும்பாலும் உடம்பு விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பெரும்பாலும் போகாது. குழந்தையின் உடம்புக்கு அது எதிரி என்றே தெரிவதில்லை. இருபது முப்பது வருஷம்கூடச் சண்டை இல்லாமல் கிடக்கும். ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும், ஈரல் நன்றாக இருக்கும், ஆளும் நன்றாக இருப்பார். ஏதோ ஒரு வயதில் உடம்பு விழித்துக்கொண்டு சண்டையைத் தொடங்கும். அந்தச் சண்டையில் அடிபடுவது ஈரல். தழும்பு மேல் தழும்பு விழுந்து இறுகிப்போகும். சிலருக்குச் சண்டை தானாக ஓய்ந்துவிடும். சிலருக்கு ஓய்ந்து மறுபடி தொடங்கும். சிலருக்குப் புற்றுநோயில் போய் நிற்கும். வலி இருக்காது. கண் மஞ்சளாகாது. கண் மஞ்சளாகிற வரைக்கும் காத்திருந்தால் பெரும்பாலும் வெகுதூரம் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் ஸ்கேனும். வைரஸ் எவ்வளவு, ஈரல் நொதி எவ்வளவு, ஈரல் இறுகியிருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். எனக்கு வைரஸ் குறைவு, நொதி சரியாக இருக்கிறது, ஈரல் மெத்தென்று இருக்கிறது. ஆகவே மாத்திரை இல்லை, கண்காணிப்பு மட்டும். அந்தக் கண்காணிப்புக்குப் போவதே இங்கே ஒரு தவம். குடும்ப மருத்துவரிடம் பரிந்துரைத் தாள் வாங்க வேண்டும். காலாண்டு முடிந்தால் தாள் செல்லாது. மார்ச்சில் வாங்கி ஏப்ரலில் போய் நின்றதற்கு வரவேற்பறைப் பெண் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். திட்டிக்கொண்டே திரும்பி நடந்தேன், தமிழில்தான்.

யாழினி பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி போட்டார்கள். அப்புறம் மீதித் தடுப்பூசிகள். இன்றைக்கு அவளுக்கு இந்த நோய் இல்லை, வரவும் வராது. என் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காரியம் அது ஒன்றுதான்.

மருத்துவர் விளக்கியதை, யாழினி பிறப்பதற்கு முன்பே ஊருக்கு போன் செய்து சொன்னேன். எல்லோரும் ரத்தம் பாருங்கள் என்றேன். அம்மா சொன்னது இது:

"அங்கன போயி என்னத்தையோ வாங்கிட்டு, எங்க தலையில கட்டப் பாக்குறியா? நம்ம வம்சத்துல ஒருத்தருக்கும் இப்படிச் சீக்கு கெடயாது."

எனக்குக் கொடுத்தவளே அவள்தான் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தேன், அழத்தான் தெம்பு இருந்தது.

3

யாழினிக்கு ஐந்து வயதானபோது ஊருக்குப் போனேன். வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர், அதைக் கழுவ ஒரு தனிச் சோப்பு. தட்டிலும் தம்ளரிலும் இது பரவாது, ரத்தத்தில்தான் பரவும் என்றேன். "எங்களுக்குத் தெரியும்த்தா, ஒரு சுத்தத்துக்குத்தான்" என்றாள் அம்மா. சித்தி வந்தாள், பெரியம்மா வந்தாள், எல்லோரும் என் தம்ளரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். உங்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள்.

அண்ணன்தான் அந்தத் தம்ளரை எடுத்து அதிலேயே தண்ணீர் மொண்டு குடித்தான். திராட்சை ஏற்றுகிற பிக்கப் வண்டி வைத்திருந்தான். அதிகாலையில் தோட்டத்தில் பெட்டி ஏற்றினால் குமுளி மலை ஏறிக் கேரளாவில் இறக்கிவிட்டு வருவான். பீடி இல்லை, குடி இல்லை. காலையில் வண்டி எடுக்க முடியாது என்பதற்காகவே சாராயத்தைத் தொட்டதில்லை.

"நாளைக்கு லோடு இல்ல. வா, தேனிக்குப் போயிட்டு வருவம். பாத்துட்டா நீ சும்மா இருப்பேல்ல?" என்றான்.

பார்த்தோம். பாசிட்டிவ். எனக்கு இருப்பதுபோல இல்லை. வைரஸ் அதிகம், நொதி அதிகம், ஈரலில் தழும்பு விழுந்து நன்றாகவே இறுகியிருந்தது. இருபதுகளிலேயே சண்டை தொடங்கியிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். இளைஞர்தான், நன்றாகப் புரியும்படி பேசினார்.

"இது நீங்க சொல்ற மஞ்சக்காமாலை இல்லண்ணே. இந்த மாத்திரை வைரச அடக்கி வைக்கும், வெளிய அனுப்பாது. தினம் ஒண்ணு, ஆயுசுக்கும். ரிப்போர்ட்டு நல்லா வந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்துனா முன்னவிட வேகமா எந்திரிச்சு வரும். உங்க ஈரல் அத தாங்காது."

மாத்திரை அங்கேயே இலவசம். தனம் அண்ணிக்கும் ரத்தம் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை என்று தெரிந்து தடுப்பூசி போட்டார்கள். பவித்ராவையும் கூட்டி வரச் சொன்னார்கள். அதற்குள் அம்மாவுக்குத் தெரிந்துபோனது. குமரிப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினால் தோட்டத்துக் கிணற்றில் விழுவேன் என்றாள். அண்ணன், "அம்மாட்ட எதுக்கு மல்லுக்கு நிக்கிற, பையச் சொல்லிக்கிருவம்" என்றான்.

4

இனி நடந்ததை எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஈரல் சம்பந்தமான எதுவும் எங்களுக்கு மஞ்சள் காமாலைதான். மஞ்சள் காமாலைக்கு மருந்து என்றால் பத்தியம் உண்டு. உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, கறி கிடையாது. மருந்து முடிகிற அன்று பத்தியத்தை முறிப்பார்கள். எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, கோழி அடித்துக் குழம்பு வைத்து, அங்காளி பங்காளிகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு. பத்தியம் முறிந்தால் மருந்தும் முடிந்தது, நோயும் முடிந்தது.

அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் யாரும் பத்தியம் சொல்லவில்லை. அம்மாவாக வைத்தாள். இங்கிலீஷ் மாத்திரைக்கு நாட்டுப் பத்தியம். அவனும் வாயை மூடிக்கொண்டு அரை உப்புச் சோற்றைத் தின்றான், வருஷக்கணக்கில். ஆனால் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. அதற்காக அந்தப் பத்தியத்தைக்கூட நான் வாழ்த்தினேன்.

அப்புறம் ஒரு பரிசோதனையில் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்று வந்தது. அப்படியே மாத்திரையைத் தொடரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து, "வைரஸ் இல்லையாம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அம்மா தெருவுக்கே சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே விருந்து. நாட்டுக்கோழி, ஈரல் வறுவல், இலை போட்டு ஐம்பது பேர். எனக்கு வீடியோவில் காட்டினார்கள். அண்ணன் தலையில் எண்ணெய் வழியச் சிரித்தான்.

"என்னண்ணே விசேஷம்?"

"ஒண்ணுமில்ல பாப்பா, ஒரு நேத்திக்கடன். சாப்பாடு போடுறோம்."

பத்தியத்தை முறித்த பிறகு மருந்து சாப்பிட்டால் அது உடம்பைத் திருப்பி அடிக்கும் என்று பெரியப்பா ஒருவர் சட்டம் சொன்னாராம். அண்ணன் தயங்கியிருக்கிறான். தனம் அண்ணி அழுதிருக்கிறாள். அப்போது அம்மா என் பெயரைச் சொல்லிப் போட்ட போடு இது. பின்னால் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்:

"கௌமாரிக்கும் அதே சீக்குத்தான? அம்புட்டுப் பெரிய தேசத்து டாக்டரே அவளுக்கு மாத்திரை வேணாம்னு சொல்லிப்புட்டாக. அவ கல்லுக்குண்டாட்டம் இருக்கா. எம்மகன் மட்டும் எதுக்குக் காலம்பூரா விசத்தத் திங்கணும்?"

அதோடு முடிந்தது. எனக்கு ஏன் வேண்டாம், அவனுக்கு ஏன் வேண்டும் என்று அந்த ஐம்பது பேரில் ஒருவர் கேட்கவில்லை. கோழி ருசியாக இருந்திருக்கும்.

மாத்திரை சாப்பிடுகிறாயா என்று வாராவாரம் அவனைக் கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றான். நான் கவலைப்படக் கூடாது என்று பொய் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

5

நாலைந்து மாதத்தில் கண் மஞ்சளானது. அண்ணி உடனே தேனிக்குப் போகலாம் என்றிருக்கிறாள். வீட்டில் மற்றவர்களுக்கோ ஒரு நிம்மதி. இதுவரை என்னவென்றே தெரியாத நோய் இப்போது தெரிந்த நோயாகிவிட்டது. மஞ்சள் காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர் மலைக்கு மேலே இருக்கிறார், ஜீப் பிடித்தால் மூன்றே மணி நேரம்.

கொண்டுபோனார்கள். வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலில் பச்சிலை அரைத்துக் கொடுத்தார். கையில் பச்சிலைச் சாறு தடவி, சுண்ணாம்பு நீரை ஊற்றித் தேய்க்க, தண்ணீர் மஞ்சளாக இறங்கியது. நோய் இறங்குகிறது என்றார்களாம். இறங்கியது பச்சிலைச் சாறும் சுண்ணாம்பும் சேர்ந்த நிறம். அதைக் கும்பிட்டுவிட்டு வந்து இரண்டு வாரம் காத்திருந்தார்கள். வயிறு வீங்கியது, பேச்சு குழறியது. மதுரைக்குக் கொண்டுபோனபோது ஈரல் வேலை செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. நான் விமானம் ஏறினேன். இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கேதத்துக்கு வந்தவர்கள் என்ன பேசினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பந்தல் காலுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியாது.

"ஈரல் கெட்டுப் போச்சுன்னா என்ன அர்த்தம்? கமுக்கமாக் குடிச்சிருக்கான்ப்பா."

"மலைக்கு மேல போற வண்டில்ல. கேரளாக் கடையில யாரு பாக்கப் போறா?"

எழுந்துபோய், குடித்தான் என்றவரின் சட்டையைப் பிடித்தேன். பொம்பளைப் பிள்ளை கேத வீட்டில் இப்படியா என்று என்னைத்தான் விலக்கினார்கள். பத்தியம் முறித்த விருந்தில் சாப்பிட்ட அதே ஆள் அவர். பெயர் எழுதவில்லை, அவருக்குத் தெரியும்.

6

போன வாரம் எனக்கு ஆறு மாதப் பரிசோதனை. முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர், வைரஸ் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இன்னும் மாத்திரைக்கான அளவு இல்லை என்றார். வழக்கம்போல, வீட்டில் எல்லோரும் நலமா என்றார். இந்த ஊரில் அதற்கு நலம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அண்ணனைச் சொன்னேன். போன தடவை என்னால் வாய் திறக்க முடியவில்லை, இந்தத் தடவை எல்லாம் வந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூடப் பிறந்தவர் ஈரல் இறுகிப்போய் இறந்திருக்கிறார் என்றால் உங்கள் கணக்கே மாறுகிறது என்றார். எண்கள் எல்லையில் இருக்கும்போது குடும்பத்தில் நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு இப்போதே தொடங்கலாம் என்று நினைக்கிறேன், சம்மதமா?

சம்மதம் என்றேன். அண்ணன் செத்ததால் எனக்கு மாத்திரை கிடைத்தது. நான் மாத்திரை சாப்பிடாததைக் காட்டித்தான் அவன் மாத்திரையைப் பிடுங்கினார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

மருந்துக் கடைக்கு யாழினியும் வந்தாள். கடைக்காரம்மா குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னார். என் மகள் தாழ்த்தவில்லை. இதுதான் மாமா நிறுத்தின மாத்திரையா என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஜெர்மனில் கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் நிறுத்தினார்? பத்தியம் முறித்ததை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? இங்கே பத்தியத்துக்குக் கிட்டத்தில் வருகிற சொல் உடம்பு இளைக்க இருப்பதைத்தான் குறிக்கும். திக்கித்திணறி ஏதோ சொன்னேன். மாமா எடை குறைத்தார், குறைந்ததும் பார்ட்டி வைத்தார், அதனால் செத்துப்போனார் என்று அவளாகப் புரிந்துகொண்டாள். தமிழில் சொல்கிறேன் வா என்றேன். வேண்டாம், அது நீளமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மிட்டாய்த் தட்டின் பக்கம் போய்விட்டாள்.

7

முதல் மாத்திரையை முந்தாநாள் போட்டேன். மேலே உள்ளதையெல்லாம் எழுதி வைத்த பிறகு, நேற்று அம்மா கூப்பிட்டாள். தெவசத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொன்னாள். பிறகு, அண்ணன் போனதிலிருந்து ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"உனக்கு மாத்திரை எதுவும் குடுக்கலைல்லத்தா?"

இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். நான் மாத்திரை இல்லாமல் நடமாடுகிற வரைக்கும் அவள் செய்தது தப்பில்லை. மகன் போனது விதி. எனக்கு மாத்திரை இல்லை என்ற ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள், தோட்டத்துக்குப் போகிறாள், பவித்ராவை அடைகாக்கிறாள். போன வாரம் வரைக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது உண்மையாகவும் இருந்தது.

"குடுத்துட்டாகம்மா. முந்தாநேத்துலருந்து சாப்பிடுறேன்."

பக்கத்தில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"எதுக்கு? நீ நல்லாத்தான இருக்க?"

"நல்லா இருக்கும்போதே சாப்பிடுறதும்மா இது. அண்ணனும் நல்லாத்தான இருந்துச்சு, நீங்க விருந்து வைக்கையில."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் கேட்டாள்.

"அப்ப, அத நிறுத்தாம இருந்திருந்தா எம்மகன் இருந்திருப்பானாத்தா?"

யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். இங்கே முதியோர் இல்லத்தில் கிழவிகள் இதைவிடக் கொடுமையானதைக் கேட்கிறபோதெல்லாம் நான் அப்படித்தான் சொல்கிறேன். எல்லாம் கடவுள் செயல் என்று சொல்லியிருக்கலாம். எழுபது வயதுக்காரி, பெற்றவள். அப்படிச் சொன்னால் அவள் சாகிற வரைக்கும் நிம்மதியாக இருப்பாள், பவித்ராவும் ரத்தம் பார்க்காமலே இருப்பாள்.

"இருந்திருக்கும்மா" என்றேன்.

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வசவு வரும் என்று காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் புள்ளைய எப்பத்தா கூட்டிட்டுப் போகணும்?"

தெவசம் முடிந்த மறுநாளே போங்கள், நீயும் கூடப் போய்க் கையை நீட்டு என்றேன்.

"சரி" என்றாள் அம்மா.